நாலு பாகம் நல்ல தண்ணீர்

கிண்ணியா
06.11.2024

இன்ஷிராவின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. கோபத்தில் இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஆகவே முதல் வரியிலேயே உங்களை என்னோடு கதைக்க வைத்துவிட்டேன். வாய்க்குள் சொன்னாலும் போதும், எனக்குக் கேட்கும்.

நீங்கள் மூதூருக்கு, உங்கள் மூத்தவ பஸ்மியா ராத்தா வீட்டுக்குப் போய் இன்றைக்கு எட்டு நாள். போகும்போது படலையில் நின்று என்ன சொன்னீர்கள்? "ஃபோன் எடுத்தா கட் பண்ணுவன். உங்கட குரலைக் கேட்டா எனக்குச் சிரிப்பு வரும். சிரிச்சா கோபம் போயிரும். சொல்ல இருந்தா எழுதுங்க." ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் சொன்னவனுக்கு இதைவிட வேறு தண்டனை கிடைக்கவில்லையா? இந்த எட்டு வரிக்கு ஒரு தேத்தண்ணி முடிந்துவிட்டது. விரல் வேறு நோகிறது.

கடிதம் கொண்டுவருவது இன்ஷாப். காலையில் கிண்ணியாவிலிருந்து மூதூருக்குப் பாண் ஓட்டோ ஓட்டுகிற அதே இன்ஷாப்தான். பாணை வாங்கும்போது கடிதத்தையும் வாங்குங்கள். பதிலையும் அவனிடமே கொடுங்கள். "என்ன மச்சான், கடுதாசியில வெண்ணெய் பூசி அனுப்பவா?" என்று கேட்டுச் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

இனி விசயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். மூன்று மாதமாக நான் எஞ்சின் திருத்தப் போகவில்லை. பாக்கியரத்தினம் சேர் என்று ஒரு எஞ்சினியர், வெளிநாட்டுக் கப்பல்களில் முப்பது வருடம் வேலை செய்தவர், இப்போது உப்புவெளியில் இருக்கிறார். துறைமுகப் பக்கம் ஒரு கொட்டகை எடுத்து, இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய நீர்மூழ்கி ஒன்று செய்கிறார். பார்த்தால் பெரிய காஸ் சிலிண்டருக்கு இரண்டு பக்கமும் கன்னம் வைத்தது போல இருக்கும். காற்றுச் சிலிண்டர், குழாய், வால்வு இதெல்லாம் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். பதினேழு வருடம் கடலட்டைக்கு முழுகி, சிலிண்டரில் மூச்சு வாங்கியவனுக்கு வேறு என்ன தெரியும்?

அது எப்படித் தாழுது, எப்படி மிதக்குது என்று உங்களுக்குக் காட்டட்டுமா? ஒரு வெறும் தகரப் பேணியை எடுங்கள். அடியில் ஆணியால் ஒரு ஓட்டை போடுங்கள். பேணியைக் கவிழ்த்து, ஓட்டையைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு வாளித் தண்ணிக்குள் அமுக்குங்கள். உள்ளே காற்று நிற்கும், பேணி உங்கள் கையைத் தள்ளிக்கொண்டு மேலே வரப் பார்க்கும். இப்போது விரலை எடுங்கள். புஸ் என்று காற்று போகும், கீழே இருந்து தண்ணி ஏறும், பேணி சத்தமில்லாமல் இறங்கும். திரும்ப மிதக்க வேண்டுமென்றால் ஓட்டையைப் பொத்திவிட்டு, ஒரு குழாயால் கீழே இருந்து ஊதுங்கள். காற்று உள்ளே போய்த் தண்ணியை வெளியே தள்ளும். பேணி எழும்பி வரும். அவ்வளவுதான். அந்தக் கன்னம் இரண்டும் இரண்டு பெரிய பேணி. மிதவைத் தாங்கி என்று சேர் சொல்வார். உங்கள் பெருவிரல்தான் வால்வு.

நான் ஓட்டை போட்டது உங்கள் மிளகாய்த்தூள் பேணியில். அதையும் இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

நான் அதில் ஏறப்போகிறேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? நான் வெளியே நின்று நட்டு முறுக்குகிறவன்.

அபூதாஹிர்


மூதூர்
11.11.2024

இன்ஷிராவின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடமைக்குச் சொன்னேன். வெற்றி என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் பஸ்மியா ராத்தா வாசித்துச் சிரித்தா. நான் சிரிக்கவில்லை. எனக்கு ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு பின்னேரம்தான் ஞாபகம் வந்தது. நீங்கள் மறந்திருப்பீர்கள், ஏனென்றால் நீங்கள் படுத்துக் கிடந்தீர்கள். நின்றது நான்.

காலையில் முழுகப் போன வள்ளம் பகல் ஒரு மணிக்கு வர வேண்டும். ஐந்து மணிக்குத்தான் வந்தது. நாலு மணித்தியாலம் கரையில் நின்றேன். வந்தபோது உங்களைப் பலகையில் வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். அவசரமாக மேலே வந்ததில் இரத்தத்துக்குள் காற்றுக் குமிழி அடைத்துவிட்டது என்றார்கள். உங்கள் துடையை நுள்ளினேன். "இன்னும் பலமா நுள்ளுங்க, இவ்வளவு காலமும் ஆசையாத்தானே இருந்திச்சு" என்றீர்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில், குமிழியைக் கரைக்கிற அமுக்க அறைக்குள் வைத்திருந்தார்கள். பிறகு நாலு மாதம் உங்கள் சாரன் முடிச்சைப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி நடக்கப் பழக்கினேன். இனிமேல் முழுகக் கூடாது என்று டொக்டர் சொன்னார். "தலை நனையிற ஆழத்துக்கு இனி இறங்கமாட்டன்" என்று நீங்களே என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். நான் கேட்டு வாங்கவில்லை.

நட்டு முறுக்குகிறவனாம். இருபத்தாறு வருடமாக உங்களோடு இருக்கிறேன். எந்த வண்டியின் நட்டை முறுக்கினாலும் அதில் ஒரு சுற்றுப் போகாமல் நீங்கள் விட்டதில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீங்கள் அதில் ஏறினால் நான் கிண்ணியாவுக்கு வரமாட்டேன். வெருட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதேபோல இன்னொரு தரம் கரையில் நிற்க என்னால் ஏலாது.

ஷிஃபானா

ராத்தா வீட்டுக்காரர் முத்தலிப் மச்சான் ஒன்று கேட்கச் சொன்னார். வாளியில் என்றால் நாம் ஊதலாம். நடுக்கடலில், காற்றெல்லாம் போன பிறகு, கீழே இருந்து யார் ஊதுவது? ஊத முடியாமல் போனால் என்ன செய்வது? அவருக்குத்தான் தெரிய வேண்டுமாம். எனக்குத் தேவையில்லை.


கிண்ணியா
19.11.2024

இன்ஷிராவின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முத்தலிப் மச்சானுக்கு எப்போது இவ்வளவு மூளை முளைத்தது? எனக்குத் தெரிந்த முத்தலிப் சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது எந்தப் பக்கம் டியூப் என்று கேட்கிறவர். சரி. அவர் குசினிக்குள் நின்று, மிளகாய் அரைத்துக்கொண்டு கேட்டதாகவே நினைத்துப் பதில் எழுதுகிறேன்.

ஊதுவது சிலிண்டர். நான் முதுகில் கட்டியது போல, அதைவிடப் பெரியது நாலு இருக்கிறது. ஒரு கைபிடியைத் திருப்பினால் காற்று தாங்கிக்குள் பாயும், தண்ணி அடியால் ஓடும். அது பழுதானால் கையால் திறக்கிற இன்னொரு வழி. அதுவும் பழுதானால், வயிற்றுக்குக் கீழே எண்பது கிலோ ஈயக்கட்டி ஒன்று தொங்குது. உள்ளே இருந்து ஒரு திருகைச் சுற்றினால் கட்டி கழன்று விழும், வாகனம் தானாக மேலே வரும். அந்த ஈயத்தை உருக்கி வார்த்தவன் நான். ஆகவே விழும்.

பெரிய தாங்கி இரண்டும் மேலே மிதக்கிறதுக்கு மட்டும்தான். அதில் தண்ணி நிறைந்த பிறகு வாகனத்துக்கு ஏறக்குறைய நிறை இல்லாமல் போகும். அதற்குப் பிறகு உள்ளே ஒரு சின்னத் தாங்கி இருக்குது. அதில் ஒரு லீற்றர், இரண்டு லீற்றர் என்று தண்ணி எடுத்து, விட்டு, நுணுக்கமாகச் சரிபார்க்க வேண்டும். நீங்கள் கறிக்கு உப்புப் போடுவது போல. ஒரு சிட்டிகை கூடினால் இறங்கும், ஒரு சிட்டிகை குறைந்தால் ஏறும்.

போன வெள்ளிக்கிழமை துறைமுகத்துக்குள் கொட்டகைக்கு முன்னால் இறக்கிப் பார்த்தோம். ஆள் இல்லாமல், கயிறு கட்டி, ஈயம் வைத்து. ஜும்மாவுக்குப் போய்விட்டு வந்து நான்தான் கடைசி ஈயத் துண்டை வைத்தேன். ஷிஃபானா, அது நின்றது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. தண்ணிக்குள் ஒரு ஆள் ஆழத்தில், ஒன்றிலும் முட்டாமல், ஒன்றையும் பிடிக்காமல் அப்படியே நின்றது. இரண்டு தொன் இரும்பு. நான் இறங்குதுறைப் படியில் இருந்து தடியை நீட்டி மெல்லத் தொட்டேன். நகர்ந்து போச்சுது, தூக்கத்தில் பிள்ளை புரண்டு படுப்பது போல. பதினேழு வருடம் கடலுக்குள் கிடந்திருக்கிறேன். மீன் அப்படி நிற்கும். பார்த்திருக்கிறேன். இரும்பு நின்று நான் பார்த்ததில்லை. பாக்கியரத்தினம் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதற்குப் பிறகுதான் சேர் சொன்னார், "தாஹிர், முதல் ஓட்டம் நானும் நீருந்தான்."

ஓம், நட்டு முறுக்குகிறவன் என்று எழுதியது அரைப் பொய். எனக்கு ஆசை. டொக்டரிடம் கேட்டனான். "உள்ளே காற்று மேலே இருக்கிற மாதிரியே இருக்கும், கடல் உடம்பை அமுக்காது என்றால் அந்தக் குமிழி வருத்தம் வராது, ஆனா கசிவு வந்தா எனக்குத் தெரியாது" என்றார். அவர் சொன்னதில் நல்லது மட்டும் எழுதவில்லை, முழுவதையும் எழுதியிருக்கிறேன். பாருங்கள், திருந்திவிட்டேன். தலை நனையிற ஆழத்துக்குப் போகமாட்டேன் என்றுதானே சொன்னேன்? அதற்குள் இருந்தால் தலை நனையாது. ஒரு முடிகூட.

டிசம்பர் பத்தாம் திகதி கொட்டியாரக் குடாவில் இறக்க அனுமதி வந்திருக்கிறது. கப்பல் போக்குவரத்து என்று துறைமுகத்துக்குள் ஆளோடு விட மாட்டார்களாம். குடாவில், உங்கள் மூதூர்ப் பக்கமாக. எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம்தான்.

என்ன சொல்கிறீர்கள்?

அபூதாஹிர்


மூதூர்
28.11.2024

இன்ஷிராவின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மூன்று நாளாக அடைமழை. வீதியெல்லாம் வெள்ளம். இன்ஷாப் வரவில்லை. பாணும் இல்லை, உங்கள் பகிடியும் இல்லை. ரொட்டி சுட்டுச் சாப்பிடுகிறோம். இந்தக் கடிதத்தை எழுதி வைக்கிறேன். அவன் எப்போது வருகிறானோ அப்போது கொடுப்பேன். உங்கள் நம்பருக்கு இரண்டு தரம் எடுத்தும் பார்த்தேன். போகவில்லை. எடுத்தேன் என்பதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

தலை நனையாதாம். வெட்கமில்லையா? தலைக்காகவா நான் அழுதேன்?

உங்கள் ஆசையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இதைச் சேரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

நீங்கள் உங்கள் வாகனத்தைச் சரிபார்த்தது துறைமுகத்துக்குள், வெள்ளம் வருவதற்கு முன்னால். அது முழு உப்புத் தண்ணீர். இப்போது மகாவலி பெருக்கெடுத்துக் குடாவுக்குள் கொட்டுகிறது. நேற்று மாடியில் ஏறிப் பார்த்தேன், கண்ணுக்கெட்டிய தூரம் கடல் தேத்தண்ணி நிறம்.

கல்யாணத்துக்கு முன்பு நான் வாப்பாவோடு விறகு வள்ளத்தில் போய் வந்தவள். ஆற்று வாயால் வெளியே வந்து குடாவைச் சுற்றி ஊருக்கு வருவோம். கோடையில் ஏற்றுகிற அதே விறகை மாரியில் ஏற்றினால் வள்ளம் மூன்று விரல், நாலு விரல் கூடத் தாழும். தண்ணீர் விளிம்புக்கு வந்துவிடும். அதனால் மாரியில் பத்துக் கட்டைக் குறைத்துத்தான் ஏற்றுவோம். நல்ல தண்ணீர் வள்ளத்தைத் தாங்காது, உப்புத் தண்ணீர் தாங்கும். உங்கள் பேணியும் வள்ளமும் ஒரே சாதிதானே?

இன்னொன்று. அந்த நல்ல தண்ணீர் மேலே மட்டும்தான். தாகம் வந்தால் கடலில் கையால் அள்ளிக் குடிப்போம். அதே இடத்தில் நங்கூரக் கயிற்றை இழுத்து, கீழே கிடந்த பகுதியை நாக்கில் வைத்தால் கரிக்கும். வாப்பா இரண்டு கையையும் விரித்து ஒரு பாகம் என்று கயிற்றை அளப்பார், ஆனால் எத்தனை பாகத்தில் மாறுகிறது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் மேலால் போனவர்கள், கீழே பார்த்ததில்லை. நீங்கள் கீழே போனவர்கள், ஆனால் மாரி தொடங்கினால் முழுக்கு முடிந்துவிடும், இந்தத் தண்ணீருக்குள் ஒருநாளும் இறங்கியதில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் இது தோன்றாமல் போயிருக்கும் என்று பயப்படுகிறேன்.

கறிக்கு உப்பு என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் உப்புப் பார்த்தது ஒரு சட்டியில், இறக்கப் போவது வேறு சட்டியில்.

நான் சம்மதித்ததாக நினைக்க வேண்டாம்.

ஷிஃபானா


கிண்ணியா
12.12.2024

ஷிஃபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. பாதை திறந்து இன்ஷாப் இன்று காலைதான் மூதூருக்குப் போய் வந்தான். அந்தப் பக்கம் ஃபோனும் இன்னும் வேலை செய்யவில்லையாம். இரண்டு கிழமை பிந்திய கடிதம். நாங்கள் முந்தாநாள் இறக்கிவிட்டோம்.

நான் ஏறவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஏறத்தான் போனேன். பொய் சொல்ல மாட்டேன். உங்கள் பதில் வராததை, நீங்கள் சும்மா இருக்கிறீர்கள், சும்மா இருந்தால் சம்மதம் என்று எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன். குடாவில் நங்கூரம் போட்டோம். கடல் தேத்தண்ணி நிறமாகத்தான் இருந்தது. எல்லோரும் பார்த்தோம். "வெள்ளத் தண்ணி" என்று சொன்னோம். அதற்கு மேல் ஒருத்தனும் யோசிக்கவில்லை. சேர் உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு காலை உள்ளே வைத்தேன். மற்றக் காலை எடுக்க வரவில்லை. "இன்னொரு தரம் கரையில் நிற்க என்னால் ஏலாது" என்ற உங்கள் வரி காதுக்குள் கேட்டது. வாசித்ததுதான், ஆனால் உங்கள் குரலில் கேட்டது.

"என்ன தாஹிர், பயமோ?" என்றார் சேர்.

"பயமெண்டா எப்பவோ பாய்ஞ்சிருப்பன் சேர். ஒராள் கரையில நிக்குது. எனக்கு ஏலாது."

உப்புவெளிப் பொடியன் மதுசன், முப்பது வயசு, நல்ல முழுக்காளி, வள்ளத்தில் உதவிக்கு நின்றான். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான். "நானா, நான் போறன்" என்றான். என்னைவிட அவன் பதினேழு கிலோ குறைவு. அந்தப் பதினேழு கிலோவுக்கும் ஈயம் வைத்தேன். என் வயிற்றை முதல் தரமாக இறக்கி வைத்துப் பார்த்தேன். இந்தக் கடிதத்தில் இதுதான் ஒரே பகிடி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

வால்வைத் திறந்தார்கள். தாங்கிக்குள் இருந்த காற்று புஸ்ஸென்று வெளியே வந்து தண்ணியைத் தூவியது. துறைமுகத்துக்குள் என்றால் அதற்குப் பிறகு வாகனத்தின் மேல் மூடி தண்ணி மட்டத்தில் ஒரு நிமிசம் தயங்கி நிற்கும். இங்கே தயங்கவில்லை. விழுந்தது. கிணற்றில் வாளி விழுவது போல விழுந்தது.

அதில் கட்டிய கயிறு என் கைக்குள்ளால் ஓடியது. பாகத்துக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. கை எரிந்தது. இழுத்துப் பிடித்தேன், நிற்கவில்லை. நாலு. அந்த இடத்தில் அடிக்கு நாற்பது பாகம். ஐந்தாவது முடிச்சு வரும், ஆறாவது வரும் என்று கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. கயிறு நின்றுவிட்டது.

கயிறு ஓடினால் போகுது என்று தெரியும். கயிறு நின்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. குமிழி இல்லை. பேசும் கருவியில் கரகர என்ற சத்தம் மட்டும். தண்ணிக்குள் பார்த்தால் என் முகம்கூடத் தெரியவில்லை, அவ்வளவு கலங்கல். பாய்ந்து போய்ப் பார்க்கலாம் என்றால் டொக்டர் தடுத்த உடம்பு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றுமே இருக்கவில்லை. மதுசனின் தாய்க்கு என்ன சொல்வேன் என்று யோசித்தேன். நானே ஏறியிருக்கலாம் என்று யோசித்தேன். பிறகு, நான் ஏறியிருந்தால் இந்தக் கயிற்றை யார் பிடித்திருப்பார் என்று யோசித்தேன்.

நாலு நிமிசம், ஷிஃபானா. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் நாலு மணித்தியாலம் நின்றீர்கள். ஆறு வருடமாக அதை நான் ஒருநாளும் கேட்கவில்லை.

பிறகு குமிழி வந்தது. பெரிய குமிழி. மூடி தண்ணிக்கு மேலே வந்து திறந்தது. மதுசன் தலையை நீட்டினான். பயந்து வெளிறிப்போய் வருவான் என்று பார்த்தால், கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகம்.

"நானா, கீழ ஒரு கண்ணாடி மேசை இருக்கு! நாங்க அதில போய் இருந்திட்டம்!"

"உனக்கென்ன மண்டை பிழைச்சிட்டோ?"

"உண்மையா நானா. விழுந்துகொண்டு போறம், சேர் காத்தைத் திறக்கப் போறார், அதுக்கிடையில தானா நிண்டிட்டுது. மெத்தையில விழுந்த மாதிரி ரெண்டு தரம் துள்ளி நிண்டுது. மேல தேத்தண்ணி, கீழ கண்ணாடி!"

ஏன் விழுந்தது, ஏன் நின்றது என்று சேருக்கும் விளங்கவில்லை. இரண்டு நாளாக வால்வைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தோம். வால்வில் பிழை இல்லை.

இன்றைக்கு உங்கள் கடிதத்தை வாசித்த கையோடு மோட்டார் சைக்கிளில் உப்புவெளிக்குப் போய்ச் சேரிடம் கொடுத்தேன். கதிரையில் இருந்து வாசிக்கத் தொடங்கியவர் பாதியில் எழும்பிவிட்டார். விறகு வள்ளம் வருகிற இடத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"இதை ஆர் எழுதினது?"

"என்ட வீட்டுக்காரி சேர்."

"என்ன படிச்சவ?"

"ஓ.எல். வரைக்கும் சேர். ஆனா விறகு வள்ளத்தில ஏறினவ."

"நான் படிச்சதில இது இருந்தது தாஹிர். இருந்தும் நான் யோசிக்கேல்லையே" என்று தலையில் கை வைத்தார். மேலே நாலு பாகம் நல்ல தண்ணி, அது தாங்காது, விழும். அதற்குக் கீழே உப்புத் தண்ணி, அது தாங்கும், நிறுத்தும். உப்பின் மேலே போய் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் வீட்டுக்குள் இருந்து எழுதியதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான். நான் ஏறவில்லை, இனியும் ஏறமாட்டேன். வாருங்கள் என்று கேட்கவும் எனக்கு முகம் இல்லை.

அபூதாஹிர்


மூதூர்
20.12.2024

இன்ஷிராவின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தில் பகிடி இல்லை. பின்பக்கத்தையும் திருப்பித் தேடிப் பார்த்தேன். உங்களுக்குக் காய்ச்சலோ என்று பயந்துவிட்டேன்.

ஒரு கிழமையாகப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழும்புகிறேன். நான் இவ்வளவு காலமும் எதற்குப் பயந்தேன் என்று எனக்கே சொல்லத் தெரியாமல் இருந்தது. கடலுக்கு என்று நினைத்தேன். இல்லை. நான் கடலில் வளர்ந்தவள். நீங்கள் கயிறு ஓடி நின்றதை எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான். உங்களுக்குக் கையில் ஒரு கயிறாவது இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

இனி நான் எழுதப் போவதை இன்ஷாபிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.

அந்த மேசை என் மனதை விட்டுப் போகவில்லை. சின்ன வயதில் எத்தனை மாரி அதற்கு மேலால் போயிருப்பேன். விறகுக் கட்டில் சாய்ந்துகொண்டு, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு. என் காலுக்குக் கீழே நாலு பாகத்தில் இப்படி ஒன்று விரிந்து கிடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. முத்தலிப் மச்சானிடம் சொன்னேன், "அப்படியா, நல்லம்" என்றார். மதுசன் கண்ணாடி மேசை என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் போதாது. அதற்கு நிறம் என்ன, அசைகிறதா, மீன் அதைத் தாண்டுகிறதா, ஆற்றில் வந்த குப்பை எங்கே போய் நிற்கிறது, இதெல்லாம் யார் எனக்குச் சொல்வது? பார்த்ததை எனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல உலகத்தில் ஒரு ஆள்தான் இருக்கிறார். அவர் ஐந்தாம் வகுப்பு.

ஆகவே நீங்கள் போங்கள். ஆனால் நான் கரையில் நிற்க மாட்டேன். வள்ளத்தில் இருப்பேன். கயிறு என் கையில் இருக்கும், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன். நல்ல தண்ணீருக்கு எவ்வளவு ஈயம் குறைக்க வேண்டும் என்று சேர் எனக்கு நேரில் சொல்ல வேண்டும். ஈயக்கட்டி கழன்று விழுவதையும் ஒரு தரம் என் கண்ணால் பார்க்க வேண்டும். நீங்கள் வார்த்தது என்பதால் விழும் என்று நான் நம்ப மாட்டேன். நீங்கள் கட்டிய கொடிக் கயிறு எத்தனை தரம் அறுந்தது?

பிந்த வேண்டாம். தை மாதம் கழிந்தால் ஆறு வற்றும், நல்ல தண்ணீர் மெலியும்.

எனக்குப் பயம் போகவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை இன்ஷாபின் ஓட்டோவில் வருகிறேன். மிளகாய்த்தூளுக்கு ஒரு புதுப் பேணி வாங்கி வைக்கவும்.

ஷிஃபானா


கொட்டியாரக் குடா
தண்ணிக்குள், நாலு பாகம்
16.01.2025, காலை 9.20

ஷிஃபானாவுக்கு,

இது பென்சில். சேரின் குறிப்புத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மேலே வந்த பிறகு வாயால் சொன்னால் நான் பகிடி சேர்த்துவிடுவேன். ஆகவே பார்க்கும்போதே எழுதுகிறேன். எனக்கு நேரே மேலே, நாலு பாகத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். இவ்வளவு கிட்ட இருந்து யாரும் யாருக்கும் கடிதம் எழுதியிருக்க மாட்டார்கள்.

நிறம் கேட்டீர்கள். மேலே இருந்து இறங்கும்போது கடும் தேத்தண்ணி. பிறகு பால் குறைந்த தேத்தண்ணி. பிறகு ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடியில் முட்டுகிற மண் மட்டும். சேர் சின்னத் தாங்கியைப் பார்த்துப் பார்த்து, மெல்ல மெல்ல இறக்கினார். இந்த முறை விழவில்லை. உட்காரப் போனோம், உட்கார்ந்தோம். வாகனம் ஒருதரம் அமிழ்ந்து, ஒருதரம் எழும்பி, நின்றது.

அது மேசை இல்லை. மதுசனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மேசைக்குக் கரை இருக்கும். இதற்குக் கரை இல்லை. சீனிப்பாகைத் தண்ணியில் ஊற்றும்போது ஒரு நெளிவு தெரியுமே, அந்த நெளிவை எடுத்துப் பாய் மாதிரி விரித்தால் எப்படி இருக்கும்? அப்படி. அசையுது. மிக மெல்ல. மேலே அலை அடித்து முடிந்த பிறகு, கன நேரம் கழித்து இதில் ஒரு அலை போகுது. எங்கள் கண்ணாடியின் நடுவால் அந்தக் கோடு போகுது. கோட்டுக்கு மேலே ஆறு, கோட்டுக்குக் கீழே கடல். என் முகம் ஆற்றுக்குள், என் நெஞ்சு கடலுக்குள்.

குப்பை கேட்டீர்கள். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்குது. ஆற்றில் வந்ததெல்லாம் இந்தக் கோட்டில் வந்து நிற்குது. வைக்கோல் துண்டு. ஒரு மருத மரத்து இலை. ஒரு நெல் மணிக் கதிர், உமி மட்டும், உள்ளே ஒன்றும் இல்லை. ஆற்றுக்குக் கனத்தது, கடலுக்குக் கனக்கவில்லை. ஆகவே இரண்டுக்கும் நடுவில், தூசி தட்டி அடுக்கின மாதிரி, ஒரே மட்டத்தில் நிற்குது. கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும். எங்கள் நீர்மூழ்கியும் அவற்றோடு ஒரு வைக்கோல் துண்டு மாதிரித்தான் நிற்குது. இலையை நிறுத்தினவன் எங்களையும் நிறுத்தி வைத்திருக்கிறான். எங்களுக்குத்தான் அதற்கு இவ்வளவு இரும்பும் ஈயமும் தேவைப்பட்டது. ஸுப்ஹானல்லாஹ் என்று சத்தமாகச் சொன்னேன். சேர் திருநீறு பூசிய ஆள். அவரும் கையெடுத்துக் கும்பிட்டார்.

மீன் தாண்டுது. எல்லா மீனும் இல்லை. கீழே ஒரு கூட்டம் சூடை வந்தது. மூக்கால் கோட்டைத் தொட்டது, கதவு பூட்டியிருக்கிற வீட்டைப் பார்த்தது போல ஒன்றாகத் திரும்பிப் போச்சுது. ஒரு மடவை மட்டும் நேரே வந்து, தாண்டி, ஆற்றுக்குள் போய்விட்டது. அதற்கு இரண்டு வீடும் சொந்தம் போல.

கீழே தெளிவு. லைட்டைப் போட்டால் அடி தெரியவில்லை, நீலம் மட்டும் போய்க்கொண்டே இருக்குது. பதினேழு வருடம் அதற்குள் கிடந்தேன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அட்டையைத் தேடிக்கொண்டு. நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்கவில்லை.

நெஞ்சு நல்லா இருக்குது. கால் இரண்டும் இருக்குது, நுள்ளிப் பார்த்தேன். மூச்சு எங்கள் வீட்டு மூச்சு மாதிரியே இருக்குது.

சேர் கேட்கிறார், "இன்னும் இருபது லீற்றர் சின்னத் தாங்கிக்குள் எடுத்தா கோட்டைத் தாண்டி உப்புக்குள்ள இறங்கலாம். பத்துப் பாகம். போவமோ?"

என்னைக் கேட்காதீர்கள் சேர், மேலே கேளுங்கள் என்றேன். பேசும் கருவியை நம்ப ஏலாது என்று இன்று காலை வள்ளத்தில் வைத்து நீங்கள் சொன்னது அதுதானே. நாங்கள் மூன்று குமிழி விட்டால் நீங்கள் கயிற்றை இழுப்பீர்கள். ஒன்று என்றால் வாங்க. இரண்டு என்றால் போங்க.

சேர் இப்போதுதான் மூன்று குமிழி விட்டார். நெளிவைக் கிழித்துக்கொண்டு தேத்தண்ணிக்குள் போய் மறைந்தது. கயிறும் அதே மாதிரித்தான், இரண்டு முழத்துக்கு மேலே தெரியவில்லை. அதன் அடுத்த நுனியில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இருக்க வேண்டும்.

குமிழி உங்களிடம் வந்து சேர்ந்திருக்கும்.

ஒரு இழுவை. இரண்டு தொன் இரும்பும் நானும் சேரும் உங்கள் கைக்கு அசைந்தோம். இலையெல்லாம் கொஞ்சம் ஆடி, திரும்பவும் மட்டத்துக்கு வந்து நிற்குது.

சேர் காற்றுக் கைபிடியில் கை வைத்துவிட்டார், மேலே போக. கொஞ்சம் பொறுங்கள் சேர் என்றேன். எனக்கு உங்களைத் தெரியும். நீங்கள் யோசிக்கிறீர்கள். கயிறு இறுகித்தான் இருக்குது, விடவில்லை. ஒன்றுதான் என்றாலும் வருவேன், மனதில் ஒன்றும் வைக்காமல் வருவேன். பார்த்தது போதும்.

ஒரு நிமிசம் போய்விட்டது.

இரண்டாவது இழுவை.

சேர் வால்வைத் திறக்கிறார். சின்னத் தாங்கிக்குள் தண்ணி விழுகிற சத்தம் கேட்குது. கோடு என் கண்ணுக்கு மேலே ஏறுது. கயிற்றை மெல்ல மெல்ல விடுங்கள்.